நின்றால் கொதிக்கும் கார்

கோயம்புத்தூரில் காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் தனியாக நிற்க முடியாது. மலேசியாவில், நம் ஈப்போவில் நடுரோட்டில் கார் மக்கர் செய்தால் அபாய விளக்கைப் போட்டுவிட்டு ஓரமாக நின்று இழுவை வண்டிக்காரனுக்கு ஃபோன் செய்வோம். அவன் வந்து சேரும்வரை ஒருவரும் நம்மைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே, கணபதி பேருந்து நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி என் சின்னக் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்ற அன்று, பானட்டின் கொக்கி எங்கே இருக்கிறது என்று நான் தடவிக்கொண்டிருக்கும்போதே நான்கு பேர் வந்து நின்றுவிட்டார்கள். ஐந்தாவது ஆள் தன் பைக்குக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வண்டி சூடாயிருச்சுங்ளா?" என்று ஒருவர் ஆரம்பித்து வைத்தார். அதன்பிறகு ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். வாட்டர் பம்ப் போயிருக்கும் என்றார் ஒருவர். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் மற்றொருவர். ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்றார் மூன்றாமவர். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றவர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "ஹெட் கேஸ்கெட்டுங்க" என்று சொல்லிவிட்டு, எழவு வீட்டில் நிற்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டவில்லை. "அண்ணன் சொல்றதும் செரிதானுங்க, ஆனா..." என்றுதான் ஒவ்வொரு மறுப்பும் தொடங்கியது. வீட்டுக்கு வீடு மோட்டார் கட்டுகிற, தெருவுக்குத் தெரு பம்ப் வார்க்கிற ஊர் இது. நடுரோட்டில் ஒரு இயந்திரம் உடம்பு சரியில்லாமல் நின்றால் பார்த்துக்கொண்டு போக இவர்களுக்கு மனசு வராது. நான் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனபோது மட்டும் ஐந்து பேரும் ஒரே குரலில், "தொறந்துபோடாதீங்க அம்மணி!" என்று கத்தினார்கள். அவர்கள் எல்லோரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இன்று என் முகம் பழையபடி இருப்பது அந்தக் கூச்சலால்தான்.

அப்போது நான் ஒரு கூத்தும் செய்தேன். "இங்க பக்கத்துல ஃபோர்மேன் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன். ஈப்போவில் கார் மெக்கானிக்கை நாம் அப்படித்தான் சொல்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் முகம் மலர்ந்து, "நானே ஃபோர்மேன்தானுங்க" என்று முன்னால் வந்தார். எஞ்சினை நெடுநேரம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு, "நமக்கு நூல் மிஷின்தானுங்க தெரியும். மில்லுல இருக்கறனுங்க" என்றார். என்னைக் கைவிட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை. எஞ்சின் ஆறும்வரை கூடவே நின்று, ஈப்போவில் மில் இருக்கிறதா, மழை எப்படி, என்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஈப்போவிலிருந்து கல்யாணமாகி வந்து கணபதியில் குடியிருக்கும் எனக்கு இந்த ஊரில் முழுக்க முழுக்க என்னுடையது என்று சொல்ல இருப்பது அந்தக் கார்தான். என் சேமிப்பில் வாங்கிய பழைய கார். வந்த புதிதில் கணவர் செந்திலின் பைக் பின்னால் உட்கார்ந்து, அவருக்கு நேரம் கிடைக்கும்போது, அவர் போகிற இடத்துக்குப் போய் வந்தேன். அவர் பம்ப்செட் விற்கிறவர்; வாரத்தில் பாதி நாள் தாராபுரம், பழனி என்று வெளியூரில் இருப்பார். மாமா, அதாவது என் மாமனார், தாராபுரத்துப் பக்கம் தோட்டத்திலேயே கிடப்பவர். வீட்டில் பெரும்பாலும் நானும் என் மாமியாரும்தான். அத்தை நல்லவர். ஆனால் இரண்டு பெண்கள் நாள் முழுக்க ஒரு வீட்டுக்குள் எவ்வளவுதான் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருப்பது! கார் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா ஈப்போவில் பள்ளி வேன் ஓட்டினார். விடியும் முன்பே எழுந்து, மைலோ கலக்கிக் குடித்துவிட்டு, வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மூன்று பள்ளிகளுக்குப் போவார். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை எல்லோரையும் ஒரே வேனில், ஒரே குரலில் அதட்டுவார். ஸ்டியரிங் பிடிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். எஞ்சினைப் பற்றி மட்டும் அவருக்கும் தெரியாது. வேன் ரோசாக் ஆகி நின்றுவிட்டால் ஆ சோங் என்ற சீன ஃபோர்மேனிடம் விட்டுவிடுவார். நான் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது அம்மா அழவில்லை. "அங்க போயி நீ வண்டியே ஓட்ட மாட்ட புனிதா. யாராச்சும் கூட்டிட்டுப் போனாத்தான் போவ. பாத்துக்கிட்டே இரு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு முள்ளாக எனக்குள் தங்கிவிட்டது. அந்த அம்மா இந்தத் தீபாவளிக்கு முதல்முறையாக என் வீட்டுக்கு வருவதாக இருந்தார். அப்பா வரவில்லை, நாயைத் தனியாக விட முடியாது என்றார், விமானம் என்றால் பயம் என்பது உண்மையான காரணம். விமான நிலையத்துக்கு என் காரை நானே ஓட்டிக்கொண்டுபோய் அம்மாவைக் கூட்டிவர வேண்டும் என்பதுதான் பல மாதமாக என் ஆசை. அதற்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில்தான் கார் கொதித்தது.

கார் ஆறியதும் கொண்டுபோய்க் காட்டினேன்; பட்டறைக்காரர் பானட்டைத் திறந்து, மூடினார். அவருக்கும் ஹெட் கேஸ்கெட் என்றுதான் பட்டது. "எஞ்சினப் பிரிக்கோணுமுங்க. பசங்க எல்லாம் தீவாளிக்கு ஊருக்குக் கிளம்பீட்டாங்க. தீவாளி கழிச்சுக் கொண்டாங்க, செஞ்சு குடுத்தர்றேன்" என்றார். தீபாவளி கழிந்தால் எனக்கு எதற்கு? செந்தில் தாராபுரத்திலிருந்து ஃபோனில் இன்னும் சுலபமான வழி சொன்னார். "எஞ்சின் பிரிக்கற வண்டிய வெச்சுட்டு என்ன பண்றது? வித்துப்போடலாம். ஞாயித்துக்கிழமை ஒரு புரோக்கர வரச் சொல்லீர்றேன். உங்கம்மாளக் கூட்டியார டாக்ஸி பேசீர்லாம்." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. பழகிப்போன நம் ஈப்போ ஆங்காரத்தோடு, "நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். சொன்ன பிறகுதான் ரேடியேட்டர் எது, பேட்டரி எது என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

ஃபோனில் காணொளி தேடியதில் ஜொகூர் பக்கத்து மலாய்க்காரர் ஒருவர் கிடைத்தார். எண்ணெய் படிந்த பனியனோடு, அவசரமே இல்லாமல், பழைய காரை ஒவ்வொரு துண்டாகக் காட்டிப் பேசுகிறவர். கணபதியில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் காலை முதல் அவருடைய மலாய் ஓடியது. அத்தை கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "பாவம், நெம்பப் பொறுமையாச் சொல்றாரு. என்ன பாசை கண்ணு இது?" என்றார். நான் சொன்னேன். "எனக்கென்னமோ புரியறாப்பல இருக்குது" என்று கீரைக்குத் திரும்பினார். முதல் வேலையாக, ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொன்னார் மலாய்க்காரர். காருக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தோம்; காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. குறைந்திருந்த கூலன்ட்டை வாங்கி ஊற்றினேன். எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று குச்சியை இழுத்துப் பார்த்தேன்; ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் கலந்திருக்கும், கலக்கவில்லை. முருங்கைக்காய்க்காரரின் தீர்ப்பு தப்பாக இருக்கலாம் என்று அப்போது முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

அடுத்தது தெர்மோஸ்டாட். சூடானதும் திறந்துகொண்டு தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் சின்ன வால்வு அது. கழற்றி வெந்நீரில் போட்டால் அது வாயைத் திறக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றார் மலாய்க்காரர். இரண்டு போல்ட்டைக் கழற்றுவதற்குள் என் கைமுட்டி இரண்டும் தோல் உரிந்துவிட்டது. சமையலறையில் கைக்கு வந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து அதைப் போட்டேன். அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "கண்ணு, அது பால் காய்ச்சற பாத்தரம்." அதற்குள் அந்த வால்வு குமிழிகளுக்கு நடுவே மெதுவாக வாயைத் திறந்தது. அத்தை பாத்திரத்தை மறந்துவிட்டு அடுப்புப் பக்கம் குனிந்து, "தொறக்குது பாரு! தொறக்குது!" என்றார். ஆக, தெர்மோஸ்டாட்டும் குற்றவாளி இல்லை. பால் பாத்திரம் அன்றே கார் கழுவும் வாளியாகப் பணியிறக்கம் பெற்றது.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சோதனை ஓட்டமாக மேட்டுப்பாளையம் போனோம். அங்கே அத்தையின் சொந்தக்காரர் வீட்டில் வாழையிலை வாங்க வேண்டியிருந்தது. சம்பந்தி வரும்போது இலை போடாமல் எப்படி என்பது அத்தையின் கவலை. வழி நெடுக, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. நான் சீட்டியடிக்காத குறை. மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டிப் பக்கம் உருளைக்கிழங்கு லாரிகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்க, எங்கள் வண்டியும் நின்றது. நின்ற சற்று நேரத்தில் ஏசியிலிருந்து வெந்த காற்று வந்தது. முள் எழுந்துகொண்டது. ஓரம்கட்டி நிறுத்தினேன். எனக்கு அழுகை முட்டியது. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார், "இது உன்ர மாமனாராட்டக் கண்ணு. ஓடீட்டு இருந்தா ஒண்ணுமில்ல. ஒரு எடத்துல நிறுத்தி வெச்சாத்தான் கொதிக்கறாப்ல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தேன். ஓடும்போது ஆறுகிறது, நின்றால் கொதிக்கிறது. ஓடும்போது காருக்கு என்ன கிடைக்கிறது? காற்று. நிற்கும்போது அந்தக் காற்றை யார் தர வேண்டும்? ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி. ஆறியதும் எஞ்சினைக் கிளப்பி, ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்று கேட்டேன். ஏசி போட்டால் விசிறி சுற்றியே ஆக வேண்டும் என்று மலாய்க்காரர் சொல்லியிருந்தார். எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் ஒரு காணொளியில் திரும்பத் திரும்பச் சொன்ன 'கீப்பாஸ் தாக் பூசிங்' என்பது, அதாவது விசிறி சுற்றவில்லை என்பது, என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் லாரி ஓட்டுநர் ஒருவர், நான் கேட்காமலே, "ஏனுங்க, ஹீட்டரப் போட்டுட்டு ஓட்டுங்க. எஞ்சின் சூட்ட அது வாங்கிக்கும்" என்றார். நம் ஈப்போக் கார்களில் ஹீட்டரே கிடையாது; அந்தக் குமிழை நான் அதுவரை தொட்டதே இல்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்து, இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல் வியர்வையில் குளித்துக்கொண்டு இருவரும் வீடு வந்து சேர்ந்தோம். அத்தை வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுற்றினேன், தடையில்லாமல் சுற்றியது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. விசிறியிலிருந்து போகும் வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பின்னால் விரல் எதிலோ புதைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், அங்கே ஒரு குடித்தனம். தேங்காய் நார், கிழிந்த துணி, காய்ந்த வாழையிலைத் துணுக்கு, செவ்வந்தி மாலையின் நூல், அதற்கு நடுவே பொரியும் பொட்டுக்கடலைத் தோலும். பக்கத்தில் வயர் செம்பு தெரியக் கடிக்கப்பட்டு அறுந்து தொங்கியது.

ஆயுத பூஜை அன்று நடந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோயம்புத்தூரில் தீபாவளியைவிட ஆயுத பூஜைக்குத்தான் சத்தம் அதிகம். லேத்துக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு. என் காருக்கும் வாழைக்கன்று கட்டி மாலை போட்டோம். எல்லோரும் காருக்கு முன்னால் தரையில் பொரி வைத்துப் படைப்பார்கள். அத்தை மட்டும் பானட்டைத் திறக்கச் சொன்னார். தாராபுரத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டாருக்கு மோட்டார் ரூமுக்குள்ளேயே போய், மோட்டாரின் மேலேயே பொரி வைத்துப் பழகியவர் அவர். "உளைக்கறது உள்ள இருக்கறதுதான? அதுக்கு வெக்காம டயருக்கு வெச்சா எப்படி?" என்று கேட்டு, வாழையிலைத் துண்டில் பொரியும் கடலையும் சர்க்கரையுமாகக் குவித்து பேட்டரி பக்கத்தில் வைத்தார். கூடவே இன்னொரு கை அள்ளி, "சம்பந்தியம்மாளக் கூட்டியாரோணுமில்ல, கூட வெக்கறேன்" என்றார். நான் நெகிழ்ந்துபோய் அப்படியே பானட்டை மூடினேன். கணபதியில் வசிக்கும் ஏதோ ஒரு எலி, இதைவிட நல்ல வாகனம் தனக்கு அமையாது என்று முடிவு செய்து குடிவந்துவிட்டது.

கூட்டை வழித்து முறத்தில் போட்டதை அத்தை வந்து பார்த்தார். பொரியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "ஏங்கண்ணு, நாந்தான் கெடுத்துப்போட்டனா?" என்றார். அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது; முறத்தில் சாட்சி இருந்தது. "எங்கம்மாவுக்காக வச்சீங்க அத்தை. எலி முந்திக்கிச்சு" என்றேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "செரி, இதச் செரி பண்ணி முடிக்காம நான் அடுப்புப் பக்கம் போகமாட்டேன்" என்றார்.

வயர் வாங்கப் போன கடையில், என்ன லோடு, எந்த மோட்டார், எதற்கு என்று விசாரித்துத் தீர்த்த பிறகுதான் கடைக்காரர் வயரைக் கையிலே கொடுத்தார். நான் கேட்டதைவிடத் தடித்த வயர். கடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் தோலைச் சீவி, புது வயரை முறுக்கி இணைத்து, உறை போட்டு, டேப் சுற்றினேன். அத்தை டார்ச் பிடித்தார். டார்ச் பிடிப்பது என்றால் சும்மா இல்லை. "இன்னும் ஒரு சுத்து", "அக்கட்டால தள்ளிக் கட்டு, எஞ்சின் சூடு படும்" என்று வெளிச்சத்தோடு கருத்தும் வந்துகொண்டிருந்தது. பேட்டரியை மாட்டி எஞ்சினைக் கிளப்பினேன். நானும் அத்தையும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். முள் பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டியது. அப்போது முன்னாலிருந்து 'உர்ர்' என்று ஒரு சத்தம் எழுந்தது. "சுத்துதுங்க! சுத்துதுங்க!" என்று யாரிடமோ மரியாதையாகச் சொன்னார் அத்தை. முள் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை வந்த புரோக்கருக்கு அத்தையே காபி கொடுத்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். செந்தில் ஊரிலிருந்து வந்ததும் பானட்டைத் திறந்து அந்த டேப்பை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா சிங்கப்பூர் வழியாக வந்து இறங்கியது தீபாவளிக்கு முந்தைய மாலை. அவினாசி ரோட்டில் அன்றைய நெரிசலைப் பற்றி உங்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. ஊரே துணிக்கடை வாசலில் நின்றது. அம்மா முன்சீட்டில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னா ஜாம்லா இது" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. ஒரு பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நான் காரை நுழைத்து வெளியே எடுத்தபோது என் கையைப் பார்த்தார், சாலையைப் பார்க்கவில்லை. ஒரு சிக்னலில் வெகுநேரம் நின்றோம். நான் முள்ளைப் பார்த்தேன். முன்னால் உர்ரென்று சத்தம் எழுந்தது.

"கீப்பாஸ் நல்லா சத்தமா சுத்துதே" என்றார் அம்மா.

"நான்தாம்மா வயர் போட்டேன்."

"நீயா?"

"நானும் அத்தையும்."

அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த 'அத்தையும்' அவரை எங்கோ தொட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "நல்லாத்தான் ஓட்டுற புனிதா. இந்த ரோட்டுல என்னால ஓட்ட முடியாது" என்றார். எத்தனையோ நாளாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே, அம்மாவால் ஓட்ட முடியாத ஊரில் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற துக்கமும் வந்தது.

வீட்டு வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் அத்தை ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றிருந்தார். "வாங்க சம்பந்தியம்மா. அப்படியே நில்லுங்க, உள்ள வந்துபோடாதீங்க" என்றார். பிறகு என்னிடம், "அம்மணி, நீ இக்கட்டால வா. தட்டு அந்தப் பக்கம் புடிக்க ஆளு வேணுமில்ல" என்றார். ஆரத்தித் தட்டை இரண்டு பேர் பிடிப்பது வழக்கம். பிடிப்பவர்கள் வீட்டுக்காரர்கள், வெளியே நிற்பவர்கள் வந்தவர்கள். நான் அடி எடுத்து வைத்தேன். காரிலிருந்து இறங்கியதும் பிடித்த என் கையை அம்மா விடவில்லை. "நீயும் என்கூட வந்தவதானே. நில்லு" என்றார், வேன் பிள்ளைகளை அதட்டும் அதே குரலில். அத்தை அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தட்டை என் பக்கமாக நீட்டினார். இடது கை அம்மாவின் பிடியில் இருக்க, வலது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்தேன். சிவந்த ஆரத்தி நீர் தளும்பித் தளும்பிச் சுற்றி வந்தது, அம்மாவின் முகத்துக்கு முன்னால் ஒருமுறையும் என் முகத்துக்கு முன்னால் ஒருமுறையுமாக. அத்தையோடு சேர்ந்து தட்டைத் தாங்கிக்கொண்டு, அம்மாவோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு நானே ஆரத்தி எடுத்தபடி வாசலில் நின்றேன்.